எதிர்பாராத செலவு யாருடையது?

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்றனர் முன்னோர். பழைய வீட்டைப் பழுதுபார்த்தல் அதனினும் கடினம் எனலாம். புதுமனையில் யாவும் கண்முன் எழுகின்றன. பழமனையிலோ பழுது சுவருக்குள் மறைந்து கிடக்கின்றது.

மயிலாப்பூரின் பழைய மாடி வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் மேல்தளம், மர உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்தது. உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். மழைநீர் கசிந்தோ கரையான் அரித்தோ அது உளுத்திருப்பின், பூச்சை உடைத்த பின்னரே தெரியும். அடையாற்றின் கான்கிரீட் வீடுகளில், உப்புக்காற்றால் துருவேறும் கம்பியும் அத்தகையதே.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை எந்த மதிப்பீட்டிலும் எவரும் எழுதியிருக்க இயலாது. உளுத்த உத்திரம் அவ்வாறன்று. எவ்வளவு என்பதே தெரியாது. ஏதேனும் இருக்கும் என்பது தெரியும். தெரிந்ததற்கு ஒதுக்காமல் இருப்பது அறமாகுமா?

கையிருப்பு முழுவதையும் வேலைக்கே வகுத்துவிட்டவருக்கு, பழுது வெளிப்பட்டதும் பெரும்பாலும் மூன்று வழிகளே எஞ்சும்: கடன் வாங்குதல், பழுதை மூடிப் பூசுதல், கூலியை நிறுத்திவைத்தல். முதலாவதன் துன்பம் அவருக்கே. இரண்டாவதன் துன்பம் அத்தளத்தின்கீழ் உறங்குவோர்க்கு. மூன்றாவதோ, சனிக்கிழமைக் கூலியை நம்பி அரிசி வாங்கும் சித்தாளுக்கு. ‘பேசிய தொகை பேசியதுதான்’ என்று மேஸ்திரியிடம் வாதிடுவதும் இவ்வகையே. சுவருக்குள் இருந்ததை அவரும் கண்டாரல்லர். தாம் ஒதுக்காத பணத்தை எளியோர் தர நேரும் என்பதே இங்குள்ள குற்றம்.

பொதுப்பணித்துறை மதிப்பீடுகளில் எதிர்பாராச் செலவுக்கெனத் தனி இனம் சேர்ப்பது மரபு. இல்லறத்தாரும் அதனைக் கைக்கொள்ளலாம். ஐந்து இலட்சம் உடையவர் நான்கு இலட்சத்துக்கே வேலையை வகுக்கட்டும். கூடுதல் பழுது தோன்றின் அதற்கு என்ன கூலி என்பதையும் முன்னரே பேசி எழுதிக்கொள்ளட்டும்.

இவ்வாறு ஒதுக்கிவைத்தல் பொருட்பற்று ஆகாதோ எனச் சிலர் வினவலாம். அளவும் நோக்கமும் வரைந்த பொருள் பற்றாகாது. ஆனால் அந்த ஓர் இலட்சம் இருக்கின்றதே என்று, தியாகராய நகர்க் கடையில் கண்ட பளிங்குக்கல்லுக்கு மனம் தாவுமாயின், அங்கே பற்று புகுந்துவிட்டது. எதிர்பாராத பழுது வேறு. எதிர்பாராத ஆசை வேறு. ஒதுக்கிய பணம் முன்னதற்கே உரியது. எஞ்சினால் அது மழைக்காலம் முடியும்வரை காத்திருக்கட்டும். தளத்தின் உறுதியை முதல் மழையே சொல்லும்.