தஞ்சை ஓவியத்தில் ஒளி

தஞ்சாவூர்ப் பலகைப்படத்தில் தரையில் நிழல் விழாது. தவழும் கண்ணனின் கன்னத்திலும் தோளிலும் ஓரமாக வண்ணத்தைச் சற்று அழுத்தியிருப்பார்கள். அது உருட்சி தெரிவதற்காக. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் படத்துக்குள் விடை கிடைக்காது. 1600ஆம் ஆண்டையொட்டி ரோம் நகரில் காரவாஜியோ தீட்டிய, புனித மத்தேயுவைக் கிறிஸ்து அழைக்கும் ஓவியத்தில் கிறிஸ்து நிற்கும் பக்கத்திலிருந்து ஒளி இருட்டறைக்குள் பாய்கிறது. அங்கே இறையழைப்பைச் சொல்வதே அந்த ஒளிதான். ஒளி வரும் வழியையே காட்டாத தஞ்சைப் படத்தில் அருள் எப்படித் தெரியும்?

விடை வேலைப்பாட்டில் இருக்கிறது. பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்த மக்கால் நகை, தூண், திருவாசி எல்லாவற்றையும் புடைப்பாக எழுப்பி, மேலே தங்க ரேக்கைப் பதிக்கிறார்கள். மராத்தியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798–1832) ஆட்சியில், செழித்த கலை இது. சமதளத் தங்கம் ஒரே சீராகத்தான் மின்னும். புடைத்த தங்கத்திலோ ஒவ்வொரு முத்தும் வெவ்வேறு கோணத்தில் சுடரை வாங்கும். திரி அசைந்தால் ஆரம் முழுவதும் அசையும். பகலில்கூட அரையிருட்டான பூசையறையில் விளக்கேற்றும்வரை அந்தத் தங்கம் மங்கித்தான் கிடக்கும்.

சைவ சித்தாந்தம் உயிருக்குக் கண்ணை உவமை சொல்கிறது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனால் கதிரவன் துணையின்றி அது எதையும் காணாது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய திருவருட்பயன், இருள்மலநிலை என்ற அதிகாரத்தை அடுத்து அருளதுநிலையை வைக்கிறது. சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். இருள்மலமாகிய ஆணவமோ தன்னையும் மறைக்கும். ஓவியர்கள் இதைப் படித்துத்தான் எழுதினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் படத்தின் முன் நிற்பவர் அடையும் அனுபவம் இந்தக் கருத்துக்கு மிக அருகில் நிற்கிறது: கண் இருக்கிறது, உருவும் இருக்கிறது, சுடர் வந்தபிறகே காட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலில் இருட்டும் ஒளியும் பலகைப்படங்களைவிடப் பழைய வழக்கு. அங்கே ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் வீதம் வைத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில் சுந்தரர் வெள்ளானையில் கயிலை செல்கிறார். திரிபுரம் எரித்தவர் தேரில் நிற்கிறார். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த இந்தச் சோழச் சுவரோவியங்களை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ரேக்கோ புடைப்போ இல்லாத இவற்றில் கோடும் வண்ணமும்தான் வேலை செய்கின்றன. கையில் விளக்கோடு நடந்தால் சுவர் பகுதி பகுதியாகவே புலப்படும்.

இன்று பலகைப்படங்கள் பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்துக்குள், மின்விளக்கின் கீழ் தொங்குகின்றன. தங்கம் எந்நேரமும் பளிச்சென்று தெரிகிறது. ஆரத்தில் அசைவு மட்டும் இல்லை.