உவர்ப்பின்மையும் மறு அறுவையும்



மலக்குடற் புற்றுக்காக அறுவை செய்துகொண்ட அன்பர் ஒருவரை அண்மையில் கண்டுவந்தோம். குடலை வெட்டி இணைத்த இடம் ஆறும்பொருட்டு, அவர் சிறுகுடலை வயிற்றின்மேல் திறந்து, கழிவு ஒரு பையில் சேருமாறு மருத்துவர்கள் செய்திருந்தனர். ஒரு திங்களும் நிறையவில்லை. "இத்திறப்பை உடனே மூடிவிட வேண்டும். மலப்பையைச் சுமந்து ஜினாலயம் புகுவது எங்ஙனம்?" என்று கண்கலங்கினார். அவர்தம் துணைவியாரோ, இன்னோர் அறுவையே வேண்டாம் என்று அஞ்சினார்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது உவர்ப்பின்மை. அதற்குச் சான்றாக நம் நூல்கள் காட்டுவது உத்தாயண மன்னனை. நோயுற்ற முனிவர் தன்மீது வாந்தி செய்தபோதும் அருவருக்காது, அவரைத் தூய்மை செய்து பேணினான் அவன். பிறர் உடலை வெறாமை அறமெனின், நம் உடலை வெறாமையும் அறமே. அசுசி அனுப்பிரேட்சையைச் சிந்திப்போம்: நம் அனைவர்க்கும் உள்ளே இருப்பதே அவர்க்குப் புறத்தே இருக்கிறது. வேறுபாடு இடத்தில்தான், தூய்மையில் அன்று.

ஆகவே, அருவருப்பால் விரைதலும் அச்சத்தால் விலக்கலும் ஆர்த்தத்தியானத்தின் பாற்பட்டனவே. உடலின் நிலையறிந்து முடிவு செய்தல் வேண்டும். இத்தகைய தற்காலிகத் திறப்பைப் பெரும்பாலும் 2, 3 மாதங்கள் கழித்தே மூடுவர். கீமோதெரபி தொடருமாயின் மேலும் தள்ளிப்போகும். உள்ளிணைப்பு கசிவின்றி ஆறியுள்ளதா என்று முன்னதாகச் சோதிப்பர். மூடியபின் பல மாதங்கள் அடிக்கடி மலம் கழிதலும், அடக்க இயலாமையும் சிலர்க்கு நேரும். இவற்றையெல்லாம் மருத்துவரிடம் கேட்டறிந்து துணிவதே நல்ஞானம். ஆசனவாயே நீக்கப்பட்டோர்க்குத் திறப்பு நிலையானது. அவர்களுள்ளும் நெடுநாள் நலமுடன் இல்லறம் நடத்துவோர் பலர்.

நோன்பு குறித்தும் ஒன்று கூறுவோம். சிறுகுடல் திறப்புடையோர் நீரையும் உப்பையும் மிகுதியாக இழப்பர். நீரும் அருந்தா உபவாசம் அவர்க்குப் பேரிடர் விளைக்கும். ஆற்றலுக்கேற்ற தவமே நம் நெறி. சுவாத்தியாயமும் அகத்தவமே அன்றோ?

மூன்றாம் மாதச் சோதனைவரை பொறுப்பதென அன்பர் இசைந்தார். சோதனையின் முடிவு கேட்டபின் அறுவை பற்றித் துணியலாம் எனத் துணைவியாரும் தேறினார். பை மாற்றும் முறையையும் கற்றுக்கொண்டார். இனி எஞ்சியுள்ளது நம் கடன். அவர் ஆலயம் வரும் நாளில், முகம் சுளியாது அருகமர்ந்து வழிபடுவோமாக!

வாழ்க ஜினதர்மம்!