வெட்டி ஒட்டிய பிரசங்கம்

2007 சூப்பர் பவுல் போட்டிக்குச் சில நாள் முன்பு, இண்டியானாபோலிஸ் நகரத்தின் ஃபால் கிரீக் பாப்டிஸ்ட் சபைக்கு என்.எப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்து லீக்கிடமிருந்து ஆட்சேபம் வந்தது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஊர் அணியான கோல்ட்ஸ் ஆடுகிறது. சபை மக்கள் எல்லாரும் ஆலயத்தில் கூடிப் பெரிய திரையில் பார்ப்பதாக ஏற்பாடு. லீக் சம்மதிக்கவில்லை. போட்டியின் பெயரைப் போட்டு அழைக்கக் கூடாது, வருகிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது, 55 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் காட்டக் கூடாது. இவையெல்லாம் பதிப்புரிமை வழக்கறிஞர்களின் சங்கதி, போகட்டும். கூடவே இன்னொரு தகராறும் இருந்தது. மோதும் இரு அணிகளின் பயிற்சியாளர்களான டோனி டஞ்சி, லவி ஸ்மித் இருவரும் தங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசும் வீடியோவையும் அன்றே காட்டச் சபை நினைத்திருந்தது. ஆட்டத்தோடு இப்படியொரு செய்தியைக் கோத்துவிடுவதையும் லீக் ஏற்கவில்லை. திரை விஷயத்தில் மறு ஆண்டு அது சபைகளுக்கு இறங்கிவந்தது வேறு கதை.

2010இல் அதே போட்டியின் இடைவெளியில், ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி என்ற கிறிஸ்தவ அமைப்பு ஒரு விளம்பரம் கொடுத்தது. கல்லூரிக் கால்பந்தின் அன்றைய நட்சத்திரம் டிம் டீபோவும் அவருடைய தாயாரும் அதில் வருகிறார்கள். கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பு அது. ஒளிபரப்புக்கு முன்பே பெரிய சர்ச்சை. வந்த விளம்பரத்திலோ அந்தச் சொல்லே இல்லை. மகன் பாய்ந்து வந்து தாயைச் சாய்க்கிறான், தாய் அசராமல் பேச்சைத் தொடர்கிறாள், அவ்வளவுதான். சி.பி.எஸ். தொலைக்காட்சி காசை வாங்கிக்கொண்டு ஒளிபரப்பியது. ஆலயத்தில் சும்மா வந்தால் இடைஞ்சலாக இருக்கும் விசுவாசம், ரசீது போட்டு வந்தால் நிகழ்ச்சியின் ஓர் அங்கம் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் ஆட்டத்தைவிட விளம்பரத்துக்காகவே இந்தப் போட்டியைப் பார்க்கிறவர்கள் ஏராளம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று மறுநாள் அலுவலகங்களில் அலசுவது அங்கே ஒரு சடங்கு. யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ் 1989 முதல் ஆண்டுதோறும் பார்வையாளர்களை மதிப்பெண் போடவைத்துப் பட்டியல் வெளியிடுகிறது. 1967இல் முதல் போட்டியில் 30 வினாடிக்கு 40,000 டாலர் அளவில் இருந்த கட்டணம், 2025இல் 80 லட்சம் டாலர் வரை போனது. பார்ப்பவர்கள் 12 கோடிக்கு மேல். பீர், சிப்ஸ், கார், காப்பீடு என்று வரிசையாக விற்கும் இந்தச் சந்தையில் அவ்வப்போது கடவுளும் வருகிறார், மரணம் வருகிறது, கொல்லப்பட்ட போதகரின் குரல் வருகிறது. அப்போது மட்டும் ஜனங்கள் மதிப்பெண்ணை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள். புனிதமானதை விலைக்கு வாங்கிய நேரத்தில் வைக்கலாமா என்பதுதான் அந்தச் சண்டை.

தத்துவத்தில் இது பழைய வழக்கு. விலை உள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைத்துவிடலாம், அப்படி வைக்கவே முடியாததற்குத்தான் மாண்பு என்று 1785இலேயே காண்ட் எல்லை கட்டினார். சில விஷயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தாலே அவற்றின் குணம் கெட்டுவிடும் என்று 2012இல் மைக்கேல் சாண்டல் ஒரு புத்தகமே எழுதினார். இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘காசு பட்டால் தீட்டு’ என்று முடிவுகட்டினால், இந்த விளம்பரங்களில் எது கூசவைக்கிறது, எது கூசவைக்கவில்லை என்பதை விளக்க முடியாது.

கூசவைக்காத ஒன்று 1970களின் ஜெராக்ஸ் விளம்பரம். பிரதர் டொமினிக் என்ற குண்டுத் துறவி மடத்தில் உட்கார்ந்து ஏட்டுப்பிரதி ஒன்றைக் கையால் எழுதி முடிக்கிறார். மடத்துத் தலைவர் பார்த்துவிட்டு, அருமை, இன்னும் 500 படி வேண்டும் என்கிறார். துறவியின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். நழுவி வெளியே போய், ஜெராக்ஸ் இயந்திரத்தில் 500 படி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். தலைவர் அதிசயம் என்று வாய்பிளக்க, துறவி கண்ணை மேலே உயர்த்துகிறார். நடித்தவர் ஜாக் ஈகிள், புரூக்ளினைச் சேர்ந்த யூத நகைச்சுவைக் கலைஞர். மத உணர்வைப் புண்படுத்த இதைவிடத் தோதான சேர்க்கை கிடைக்காது. அமெரிக்காவோ அவரைக் கொண்டாடியது. ஆண்டுக்கணக்கில் அதே அங்கியோடு கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்வந்தார். விளம்பரம் பக்தியைக் கடன் கேட்கவில்லை, மடத்தை மட்டம்தட்டவும் இல்லை. கடைசிச் சிரிப்பு துறவியுடையது. சூப்பர் பவுல் விளம்பரங்களில் மதத்தைத் தொட்டவை எத்தனையோ. முதலிடம் கொடுக்க வேண்டுமானால் இந்தக் குண்டுச் சாமியாருக்குத்தான்.

கடைசி இடத்தில் தயக்கமே வேண்டாம்.

2018 பிப்ரவரி 4. ராம் பிக்கப் டிரக் விளம்பரம். பின்னணியில் மார்ட்டின் லூதர் கிங்கின் குரல். யாரும் பெரியவர் ஆகலாம், ஏனென்றால் யாரும் ஊழியம் செய்யலாம், அதற்குக் கல்லூரிப் பட்டம் வேண்டாம் என்கிற பொருளில் அவர் பேசப் பேச, உழைப்பவர்களும் உதவுகிறவர்களும் திரையில் வந்து போகிறார்கள், நடுநடுவே டிரக். சேவைக்காகவே செய்த வண்டி என்ற வாசகத்தோடு முடிகிறது. குரல் எடுக்கப்பட்டது, சரியாக 50 ஆண்டுக்கு முன் அதே தேதியில், 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டாவின் எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தில் கிங் செய்த பிரசங்கத்திலிருந்து. அடுத்த ஏப்ரல் 4இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். தன் சாவுக்குப் பின் தன்னைப் பற்றி என்ன பேச வேண்டும், நோபல் பரிசு பற்றியெல்லாம் பேசவே வேண்டாம் என்று அவர் சொன்னது இந்தப் பிரசங்கத்தில்தான். அதன் ஒலிப்பதிவை அவருடைய இறுதிச் சடங்கிலேயே போட்டார்கள்.

முழுப் பிரசங்கத்தையும் கேட்டால்தான் விளம்பரத்தின் துணிச்சல் புரியும். மாற்கு சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, உம்முடைய மகிமையில் உமக்கு வலப்பக்கம் ஒருவரும் இடப்பக்கம் ஒருவரும் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். கிங் அங்கிருந்து தொடங்குகிறார். ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் நடக்கும் ஆசை அந்த இருவருக்கு மட்டுமா, நமக்கெல்லாம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே போய், விளம்பரக்காரர்களிடம் வந்து நிற்கிறார். இந்த விஸ்கி குடித்தால் கனவான், இந்த வாசனைத் திரவியம் பூசினால் அழகி, இந்தக் கார் வைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் பொறாமைப்படுவான் என்றெல்லாம் சொல்லி வாங்கவைக்கிறார்கள் என்கிறார். வருமானத்துக்கு மீறிக் கார் வாங்குகிறவர்களைப் பற்றி விலாவாரியாகப் பேசுகிறார். ஒரு நல்ல பழைய ஃபோர்டுக்கே வக்கில்லாதவர்கள் கேடிலாக்கிலும் கிரைஸ்லரிலும் பவனி வருகிறார்கள் என்று பெயரையே சொல்லிவிடுகிறார். ராம் டிரக், அப்போது ஃபியட் கிரைஸ்லர் கம்பெனியின் தயாரிப்பு.

கார் வியாபாரத்தைக் கண்டித்த பிரசங்கத்தையே கத்தரித்து, கண்டித்த பகுதியைக் கீழே போட்டுவிட்டு, மிச்சத்தைக் காருக்கு ஒட்டினார்கள். கரண்ட் அஃபேர்ஸ் இதழின் ஆசிரியர் நேதன் ராபின்சன் அதே காட்சிகளுக்குப் பின்னால், விட்டுப்போன அந்தப் பகுதியை ஓடவிட்டு ஒரு வீடியோ வெளியிட்டார். வேறு விமர்சனம் எதுவும் தேவைப்படவில்லை.

சட்டப்படி எல்லாம் சரி. கிங்கின் எழுத்து, பேச்சு உரிமைகளை நிர்வகிக்கும் நிறுவனம் ஒப்புதல் தந்திருந்தது. தொண்டே பெருமை என்ற அவரது தத்துவத்தை விளம்பரம் தாங்கியிருக்கிறது என்றும் சொன்னது. அட்லாண்டாவின் கிங் மையமும் மகள் பெர்னிஸ் கிங்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அன்றே அறிவித்தார்கள். சொல்லப்போனால் கிங்கும் இந்தக் கருவை ஜே. வாலஸ் ஹேமில்டன் என்ற போதகரின் பழைய பிரசங்கத்திலிருந்து எடுத்தாண்டவர்தான். பிரசங்கங்கள் கைமாறுவது சபைகளில் புதிதல்ல. வாங்கியவர் அதை மேலும் வளர்த்தார், கேட்கிறவர்களை இன்னும் நெருக்கிப் பிடித்தார். விளம்பரம் செய்ததோ அவர் வாயைப் பொத்தியது. எதிர்த்துப் பேசக்கூடிய ஒரு வார்த்தையை எதிர்த்துப் பேசவிடாமல் செய்வதுதான் இங்கே நடந்த அவமதிப்பு. காசு அதற்குக் கருவி.

இதே ராம் 2013இல் செய்தது அவ்வளவு உறுத்தவில்லை. வானொலியாளர் பால் ஹார்வி 1978இல் இளம் விவசாயிகள் மாநாட்டில் ஆற்றிய உரை, அதன்மேல் இரண்டு நிமிடம் அசையாப் புகைப்படங்கள். கடவுள் உலகைப் படைத்தபின் அதைப் பராமரிக்க ஆள் வேண்டுமென்று விவசாயியைப் படைத்தார் என்பது உரையின் சாரம். விவசாயியைப் புகழ்ந்த பேச்சு விவசாயியைப் புகழ்ந்தபடியே இருந்தது. படங்களில் வெள்ளை முகங்களே நிறைந்திருக்கின்றன, வயலில் உழைக்கும் லத்தீன் அமெரிக்கர்கள் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

மரணத்தைக் கொண்டுவந்தது நேஷன்வைட் காப்பீடு, 2015இல். ஒரு சிறுவன், தான் சைக்கிள் ஓட்டக் கற்கப் போவதில்லை, கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை என்று அடுக்குகிறான். ஏன் என்றால், ஒரு விபத்தில் தான் இறந்துபோய்விட்டதாகச் சொல்கிறான். அடுத்து நிரம்பி வழியும் குளியல் தொட்டி, தரையில் விழுந்து கிடக்கும் டிவி. 11 கோடிப் பேர் கையில் கோழி இறக்கையோடு உட்கார்ந்திருக்கும்போது! இறப்பே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று, குழந்தையை இழந்த கிசாகோதமியை அனுப்பிய புத்தர் சொன்னதும் மரணச் செய்திதான். அவர் அவளுடைய துக்கத்துக்குப் பதில் சொன்னார், அவள் வீடு வீடாகப் போய்த் தானே கண்டுகொண்டாள். இங்கே கேட்காதவர்கள் தலையில் துக்கத்தைக் கொட்டிவிட்டு, அடியில் கம்பெனி முத்திரை. காப்பீடு விற்க அல்ல, விபத்துத் தடுப்பு பற்றிப் பேச்சைத் தொடங்கவே செய்தோம் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. மனதார அப்படியே நினைத்திருக்கலாம். முத்திரை இருக்கும் வரை யாருக்கும் அதை நம்பவைக்க வழியில்லை.

விற்கப் பொருளே இல்லாமல், இயேசுவையே விளம்பரம் செய்தால்?

‘ஹி கெட்ஸ் அஸ்’ இயக்கம் 2023 முதல் சூப்பர் பவுலில் அதைத்தான் செய்கிறது. நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் இருக்கும். இங்கே தொடக்கத்தில் கொடையாளிகள் பெயரே வெளியே தெரியவில்லை. ஹாபி லாபி கடைகளை நிறுவிய டேவிட் கிரீன் தானும் ஒருவர் என்று தானே சொன்னபிறகு, அந்த மறைவும் சந்தேகத்துக்கு இடமாயிற்று. ஊழியர் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுத்து 2014இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற கம்பெனி அது.

2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ் போட்டியில் அவர்கள் காட்டியது பாதம் கழுவுதல். ஜூலியா ஃபுல்லர்டன்-பேட்டன் எடுத்த, ஓவியம் போல ஒளியமைத்த புகைப்படங்கள். சந்தொன்றில் கறுப்பு இளைஞனின் காலை ஒரு போலீஸ்காரர் கழுவுகிறார். குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனை வாசலில் ஓர் இளம்பெண்ணின் பாதத்தருகே ஒரு பெண் மண்டியிட்டிருக்கிறாள். கடற்கரையில் தன்பால் ஈர்ப்புள்ள ஒருவரின் காலடியில் பாதிரியார். மூன்றாம் நாள் சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம்.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்ற மத்தேயுவின் உபதேசத்தைக் காட்டி இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் 2013 பெரிய வியாழன் அன்று போப் பிரான்சிஸ் ரோமின் காசால் டெல் மார்மோ சிறார் சிறையில் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். இரண்டு பெண்கள், இஸ்லாமியரும் உண்டு. அந்தப் படமும் உலகத்தைச் சுற்றியது. கேமரா இருந்ததாலேயே அது போலி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. சிறையில் 76 வயதுக்காரர் கல்தரையில் முழங்காலிட்டுக் குனிந்தார், காலை நீட்டிய பிள்ளை நிஜமாகவே கைதி. விளம்பரத்தில் இருந்தவர்கள் அந்தந்த வேடத்துக்கு நிறுத்தப்பட்டவர்கள். படம் எடுத்ததும் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். என் காலை நீர் கழுவவே கூடாது என்று இயேசுவிடம் முறைத்துக்கொண்ட சீடர் பேதுரு மாதிரி ஒருவரும் அதில் இல்லை.

விளம்பரத்தின் ஆதரவாளர்கள் அப்போஸ்தலர் பவுலைக் காட்டலாம். ஏதென்ஸ் சந்தைவெளியில் தினமும் போவோர் வருவோரோடு வாதாடியவர் அவர்; சந்தைக்குப் போவதே பாவம் என்றால் முதல் குற்றவாளி அவர்தான். அப்போஸ்தலர் நடபடிகளின் 17ஆம் அதிகாரத்தில், கேட்டவர்களில் சிலர் பரிகசித்தார்கள், சிலர் இன்னொரு தரம் கேட்கிறோம் என்றார்கள், சிலர் கூடவே சேர்ந்துகொண்டார்கள். 60 வினாடி விளம்பரத்துக்கு நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது.

பிறகு பேசினார்கள். இத்தனை லட்சம் டாலருக்குப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கலாமே, கொடுத்தவர்களின் அரசியல் என்ன என்று இடதுசாரிகள் கேட்டார்கள். கழுவுவது சரி, மனந்திரும்பு என்ற சொல் எங்கே என்று பழமைவாதக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். வட அயர்லாந்துப் போதகர் ஒருவர், இந்த விளம்பரம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று மனம்மாறியவர்களின் முகங்களை வரிசையாக வைத்து ஒரு பதில் வீடியோவே செய்து இணையத்தில் விட்டார். கிங்கின் குரலுக்காகக் கோபப்பட்டவர்கள், ஒரு பொருள் களவுபோனதைப் போலக் கோபப்பட்டார்கள். இவர்கள் ஒரு உபதேசத்தோடு மல்லுக்கு நின்றார்கள். 2025இல் அதே இயக்கம் திரும்ப வந்தது, எது பெருமை என்ற கேள்வியோடு. யாக்கோபும் யோவானும் மாட்டிக்கொண்ட அதே கேள்விதான் அது. அதற்கும் சண்டை வந்தது.