அடைக்கலப் பொருள்

உண்மை பேசுதல் அறம் என்போம். பிறரின் வாழ்வையே விலையாகக் கேட்கும் சபையின் முன் வாய் திறப்பதும் அறமாகுமா?

1947இல் ஹொலிவூட்டை விசாரிக்கப் புகுந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு, சாட்சிகளிடம் பிறர் பெயர்களைக் கேட்டது. பெயர் குறிக்கப்பட்டோருக்குப் படக்கம்பனிகளின் கதவுகள் மூடப்பட்டன.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவர் ஏன் மௌனம் சாதிக்கவேண்டும் என்று கேட்பாருளர். நாடகாசிரியை லில்லியன் ஹெல்மன் 1952 மே மாதத்தில் அக்குழுவுக்கு எழுதிய கடிதமே இதற்கு விடை. தம்மைப் பற்றி எதையும் கூறத் தயார். பிறரைப் பற்றிக் கூற இயலாது என்றார் அவர். குழு இணங்கவில்லை. அரசியற் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி அவர் விடையளிக்க மறுத்தார்.

அவருடைய தோழி, கவிதையும் கதையும் எழுதிய டொரத்தி பாக்கர். இயல்பாலும் எழுத்தாலும் இருவரும் வேறுபட்டவர். ஆயினும் கறுப்புப் பட்டியல் இருவரையும் தீண்டிற்று. பாக்கர் 1967இல் மறைந்தபோது, தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஹெல்மனிடமே விட்டுச் சென்றார். பிறர் பெயரை விற்காதவரிடமன்றி வேறு யாரிடம் ஒருவர் தம் இறுதிச் சொல்லை ஒப்படைப்பார்?

என் இரகசியத்தை வெளியிட எனக்கு உரிமையுண்டு. தோழியின் இரகசியமோ என்னிடம் வந்த அடைக்கலப் பொருள். அதை விற்றுப் பெறும் விடுதலை விடுதலையாகாது.