அண்டை வீட்டாரின் அச்சம்

அச்சமின்றி உறங்கி எழுவது மனிதன் பெறும் பேறுகளுள் தலையாயது. உண்ண உணவும் உடுக்க உடையும் இருந்தும், இரவில் கண்மூட அஞ்சுபவனின் வாழ்வை நாம் வாழ்வென்று கூறுவதில்லை. அரபு மொழியில் பாதுகாப்பைக் குறிக்கும் 'அம்ன்' என்னும் சொல்லும், நம்பிக்கையைக் குறிக்கும் 'ஈமான்' என்னும் சொல்லும், நாம் அமானிதம் என்று வழங்கும் 'அமானத்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒருவருடைய பாதுகாப்பு மற்றவருடைய நம்பகத்தன்மையில் தங்கியிருக்கிறது என்பதை இவ்வேர் நமக்கு உணர்த்துகிறது.

இக்காலத்தில் பல நாடுகளில் அரசுகளும் நகராட்சிகளும் அறக்கட்டளைகளும் ஊர்ப் பாதுகாப்பிற்கெனச் சிறு நிதிகளை வழங்கி வருகின்றன. ஒரு தெருவுக்கு விளக்கு, ஒரு வீட்டுக்கு உறுதியான பூட்டு, ஒரு சந்துக்குக் கதவு என்ற அளவில் அவை பயன்படுகின்றன. தொகை சிறிது, ஆயின் அது எழுப்பும் கேள்வி பெரிது. எல்லோருடைய அச்சத்தையும் நீக்கப் போதாத பணத்தைக் கொண்டு யாருடைய அச்சத்தை முதலில் நீக்குவது? ஒரு தெருவைக் காக்கப்போய் அடுத்த தெருவுக்குத் தீங்கைத் தள்ளிவிட்டால் அது அறமாகுமா?

முதற் கேள்விக்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு நல்ல விடை கிடைத்தது. அந்நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 2,280 வீடுகள் இருந்தன. 1980களின் நடுப்பகுதியில் ஓராண்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீடு திருட்டுக்கு உள்ளாயிற்று. அங்கே ஆராய்ந்தவர்கள் இரு உண்மைகளைக் கண்டனர். ஒருமுறை திருட்டுக்கு ஆளான வீடு மீண்டும் ஆளாகும் வாய்ப்பு, ஆளாகாத வீட்டைவிட நான்கு மடங்குக்கும் மிகுதி என்பது ஒன்று. காசு போட்டு எரிவாயுவும் மின்சாரமும் பெறும் அளவைப் பெட்டிகள் வீடுகளில் இருந்தன; ஏறத்தாழப் பாதித் திருட்டுகளில் அப்பெட்டிகளின் காசு களவாடப்பட்டது என்பது மற்றொன்று.

ஆகவே காசுப் பெட்டிகள் அகற்றப்பட்டன. திருட்டுக்கு ஆளான வீடுகளின் கதவுகளும் சன்னல்களும் முதலில் உறுதி செய்யப்பட்டன. அவ்வீட்டைச் சுற்றியுள்ள ஏறத்தாழ ஆறு வீட்டார், அவ்வீட்டின்மீது கண் வைத்திருக்குமாறு வேண்டிக்கொள்ளப்பட்டனர். மூன்றாண்டுகளில் அங்கு வீட்டுத் திருட்டு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது கொடுத்த முறையை. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. துன்புற்றவர் வீட்டு வாசலுக்குத் தாமே சென்றனர். விண்ணப்பத்தை மட்டுமே பார்த்து வழங்கப்படும் நிதி, பெரும்பாலும் எழுத்தும் செல்வாக்கும் உடையோரைச் சென்றடைகிறது. ஏற்கெனவே அடிபட்டவர் வாய் திறக்கவும் அஞ்சி ஒதுங்கி நிற்பார். கேட்பவருக்குக் கொடுப்பது எளிது. கேளாதவரைத் தேடிக் கொடுப்பதே நீதி.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஒருவருக்கு நேரும் தீங்கை அதுபோன்ற மற்றொரு தீங்கினால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹுக் கலையின் பொது விதிகளுள் ஒன்று. உஸ்மானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத் தொகுப்பில் அது 25ஆம் விதியாக இடம்பெற்றுள்ளது. அப்படியானால், நம் வாசலில் பூட்டுப் போட்டதால் திருடன் அடுத்த வாசலுக்குச் சென்றால் நாம் குற்றவாளிகள் ஆவோமா? ஆகோம். தன் உடைமையைக் காத்துக்கொள்வது ஒவ்வொருவரின் உரிமை; திருடனின் பாவம் திருடனையே சாரும். ஆனால் பொதுப்பணத்தின் நிலை வேறு. அதில் அடுத்த தெருவாருக்கும் பங்குண்டு. அவர்களுடைய பணத்தைக் கொண்டே அவர்கள் பக்கம் தீங்கைத் திருப்பிவிடுவது அமானிதத்திற்கு மாறு செய்வதாகும்.

குற்றம் உண்மையில் அவ்வாறு இடம்பெயர்கிறதா? 102 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, உற்றுநோக்கப்பட்டவற்றுள் 26 விழுக்காட்டில் குற்றம் இடம்பெயர்ந்தது. 27 விழுக்காட்டிலோ, பணம் செலவிடப்படாத பக்கத்துப் பகுதிகளுக்கும் நன்மை பரவியது. தீங்கு கசிவதைப் போலவே நன்மையும் கசிகிறது. எனவே பிறர்க்குத் தீங்காகுமோ என்றெண்ணிக் கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. பிறரைப் பற்றிய எண்ணமே இன்றிச் செலவிடவும் கூடாது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 541 காலி மனைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றுள் சில மனைகளில் குப்பை அகற்றப்பட்டு, புல் விதைக்கப்பட்டு, சில மரங்கள் நடப்பட்டன. தாழ்ந்த மரவேலியும் அமைக்கப்பட்டது. வறுமை மிகுந்த பகுதிகளில், இவ்வாறு திருத்தப்பட்ட மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. ஒரு மனைக்கான செலவு ஏறத்தாழ 1,600 டாலரே. அவ்வேலியில் மக்கள் உள்ளே செல்ல வழியும் விடப்பட்டிருந்தது என்பது சிந்தனைக்குரியது. எல்லை காட்டிய அவ்வேலி எவரையும் விரட்டவில்லை.

நம் நாட்டு நடப்பையும் சற்று எண்ணிப் பார்ப்போம். சென்னையில் 2017ஆம் ஆண்டை ஒட்டிக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்னும் பெயரில் கண்காணிப்புக் கேமராக்களைப் பரப்பியபோது, குடியிருப்போரும் வணிகர்களும் தம் பணத்தைத் தந்து உதவினர். அது போற்றத்தக்கதே. ஆயினும் பணம் திரட்ட வல்ல தெருவுக்குக் கண் கிடைத்து, வல்லமையற்ற தெரு இருளில் கிடக்குமாயின், அந்தக் குறையை நிரப்பும் கடமை பொதுநிதிக்கு உண்டு. அன்றியும், கேமரா கள்வனைக் காட்டித் தரலாம்; கிர்க்ஹோல்டில் ஆறு வீட்டார் செய்தது போல, துன்புற்றவரின் கதவைத் தட்டி நலம் விசாரிக்க அதனால் இயலாது.

சிறு நிதியைக் கையாளும் எவரும், அது அரசாயினும் ஊர்ச் சங்கமாயினும் மஹல்லா ஜமாஅத்தாயினும், சில வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நன்று. தீங்கின் காரணத்தை அகற்ற வழியிருந்தும் பூட்டுக்கு மட்டும் பணம் தருகிறோமா? முன்னரே துன்புற்றவர் முதலில் பயன் பெறுகிறாரா? இதனால் அடுத்த தெருவார் இன்னும் அஞ்ச நேருமா? அண்டை வீட்டார் நம்மைக் குறித்து அச்சமின்றி உறங்குவதே நம் நற்குணத்திற்குச் சான்று என்று கற்ற சமுதாயம் நாம். ஊர்ப் பணத்தில் ஒரு விளக்கை ஏற்றும் பொறுப்பு நம்மிடம் வருமாயின், அதற்கென்று வாய் திறந்து கேட்க இயலாதவர் எந்த முடுக்கில் வசிக்கிறார் என்பதை முதலில் விசாரித்து அறிவோமாக.