சிறுவர் செல்வமும் பெரியோர் மதிப்பீடும்

பொருளொன்றின் பெறுமதியை நிர்ணயிப்பது யாது? சந்தை விலையா, பயன்பாடா, அன்றி உடையவர் அதன்பாற் கொண்ட பற்றா? இவ்வினா பெரும்பாலும் நிலம், பொன், உழைப்பு ஆகியவற்றை முன்னிறுத்தியே ஆராயப்படுகின்றது. எனினும், அது நாள்தோறும் எழும் இடம் வீடேயாகும். சிறுவனின் காற்சட்டைப் பையிலும் சிறுமியின் நெருப்புப்பெட்டியிலும் கிடக்கும் குன்றிமணி, சோகி, வளையல் துண்டு, சோடாப் போத்தல் மூடி ஆகியன பெரியோர் கண்ணுக்குக் குப்பை. வீடு துப்புரவாக்கப்படும் நாளில் அவை எவரையும் கேளாமலே வீசப்படுகின்றன. குழந்தை அழுதால், 'இதற்கா அழுகிறாய்?' என்ற வினாவே விடையாகின்றது. அச்செயல் வெறும் துப்புரவா, அன்றி ஓர் அநீதியா என்பது சிந்தனைக்குரியது.

தமிழிலக்கியத்தில் இதற்குப் பொருத்தமான காட்சியொன்று உண்டு. பட்டினப்பாலையிலே, முற்றத்தில் உலரும் தானியத்தைக் கவர வரும் கோழியை விரட்ட மகளிர் தம் காதிலணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். விழுந்த குழை, சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் முச்சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைப் புலப்படுத்தவே புலவர் இதனை அமைத்தார் என்பது வெளிப்படை. ஆயினும், அக்காட்சியில் விலையுயர்ந்த அணி இடையூறாகின்றது. விளையாட்டுத் தேரே செல்லவேண்டிய தேராகின்றது. தேருருட்டும் சிறுவனின் பக்கத்தில் நின்று நோக்காதார்க்கு இம்மாற்றம் புலப்படாது.

இப்பார்வையை நடைமுறை ஒழுங்காக்கியவர் போலந்து நாட்டு வைத்தியரும் எழுத்தாளருமான யானுஸ் கோர்ச்சாக். 1912 முதல் வார்சோ நகரில் யூத அநாதைச் சிறுவருக்கான இல்லமொன்றை அவர் நடத்தினார். கண்டெடுக்கப்பட்ட பொருள்களை வைப்பதற்கென அவ்வில்லத்திலே ஓர் அலுமாரி இருந்தது. எத்துணை அற்பமாயினும், ஒரு பொருள் எவரேனும் ஒருவருடையது என்பதே அதன் அடிப்படை. சிறுவரே நீதிபதிகளாக அமர்ந்த நீதிமன்றமும் அங்கு இயங்கியது. கோர்ச்சாக்கும் அதன்முன் நிறுத்தப்பட்டதுண்டு. மதிக்கப்படுவதற்குக் குழந்தைக்குள்ள உரிமை பற்றி 1929 இல் அவர் ஒரு நூலும் எழுதினார். 1942 ஓகஸ்ட் மாதத்தில் அச்சிறுவர்கள் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, தாம் தப்புவதற்கு இருந்த வாய்ப்புகளை மறுத்து அவர்களுடனேயே சென்று மாண்டார். சிறுவரின் மணியையும் பெட்டியையும் மதித்தமை அவருக்கு மெல்லிய இரக்கத்தின் பாற்பட்டதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இம்மதிப்பிற்குத் தத்துவ அடிப்படை யாது? விலையுடையவற்றுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். ஈடு வைக்க இயலாதது கண்ணியமுடையது என 1785 இல் இமானுவேல் கான்ற் வேறுபடுத்தினார். குன்றிமணிக்குக் கண்ணியம் உண்டென எவரும் வாதிடார். ஆனால் ஆயிரம் மணிகளுள் ஒன்றைத் தெரிந்து, 'இது என்னுடையது, இது அழகியது' எனத் தீர்மானிக்கும் குழந்தை, மதிப்பிடும் ஆற்றலை முதன்முதலாகப் பயில்கின்றது. மணியைக் கேளாமல் வீசுவோர், அத்தீர்மானத்தையே பொருட்படுத்தத் தகாததென ஒதுக்குகின்றனர். ஆகவே இங்கு மதிக்கப்படவேண்டியது பொருளன்று, மதிப்பிடுவோனே.

இதற்கு மறுப்பும் கூறப்படலாம். அழுக்கும் ஆபத்தும் விளைவிப்பனவற்றை அகற்றுதல் பெற்றோர் கடமையன்றோ? பொருட்பற்றை வளர்ப்பது பேராசைக்கு வித்திடாதோ? முதலாவது வினா நியாயமானது. கூரிய தகரமும், கைக்குழந்தை விழுங்கத்தக்க விதையும் அகற்றப்படவேண்டியனவே. ஆயினும் அழுக்கெல்லாம் ஆபத்தன்று. குழந்தை பற்றிக்கொண்டுறங்கும் பழந்துணியைத் துவைப்பதுகூட அதன் அனுபவத் தொடர்ச்சியை முறிக்கக்கூடும் என்பதை ஆங்கிலேய உளமருத்துவர் வினிக்கொற் 1953 இல் வெளிவந்த கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இரண்டாவது வினாவைப் பொறுத்தவரை, பேராசை மென்மேலும் சேர்க்க விழைவது. குழந்தையோ தன்னிடமுள்ள ஒன்றையே பேண விழைகின்றது. மேலும், தன் உடைமை மதிக்கப்படக் காணாத குழந்தை பிறருடைமையை மதிக்க எங்ஙனம் கற்கும்? வல்லவன் கேளாமல் எடுக்கலாம் என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

1989 இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி, 1991 இல் இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம், தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துரைக்கும் உரிமையைச் சிறுவருக்கு வழங்குகின்றது. அவ்வுரிமை வீட்டில் தொடங்குவதற்குச் சட்டம் வேண்டியதில்லை. எறியுமுன் கேட்டல், எறியவேண்டியதாயின் காரணம் கூறல், வைத்துக்கொள்ளத்தக்கதாயின் ஒரு சிறு பெட்டிக்கு இடமளித்தல் ஆகிய மூன்றுமே போதும். இவற்றுக்குப் பொருட்செலவில்லை, வீட்டிலே தம் மதிப்பீடு ஒன்றே மதிப்பீடன்று எனப் பெரியோர் ஏற்றுக்கொள்ளுதலே இவற்றுக்கு வேண்டுவது.