தாமதமும் மௌனமும்: காத்திருப்போர்க்குரிய அறம் பற்றி ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த எழுவான்கரை ஊர்களுள் தேற்றாத்தீவும் ஒன்று. இவ்வூருக்குப் புகையிரதம் இல்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து மாகோ, கல்லோயா, பொலன்னறுவை வழியாக வரும் இருப்புப் பாதை மட்டக்களப்பு நகரோடு முடிந்துவிடுகின்றது. அதற்குத் தெற்கே கல்முனை நோக்கி அது நீட்டப்படவேயில்லை. ஆயினும் தலைநகரத்து வைத்தியசாலைக்கோ அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ புகையிரதத்திற் செல்ல விழையும் தேற்றாத்தீவார், கல்முனை வீதியில் பஸ் ஏறி, கல்லடிப் பாலங் கடந்து, அந்த நிலையத்தையே நாடவேண்டும். வண்டி பிந்துமிடத்து இவர்களுக்கு இழப்பு இருமடங்காகின்றது. புகையிரதத்துக்காகக் காத்திருத்தல் ஒன்று. அது பிந்தி வந்து சேர்ந்தபின் ஊருக்குச் செல்லும் கடைசி பஸ்ஸைத் தவறவிடுதல் மற்றொன்று. இத்தகையோரை மனத்திற் கொண்டு ஒரு வினாவை எழுப்பலாம். வண்டி பிந்துவதைப் பிரயாணிகளுக்கு உரிய வேளையில் அறிவித்தல் நல்லெண்ணத்தாற் செய்யப்படும் ஓர் உபசாரமா, அன்றிச் செய்தே தீரவேண்டிய கடமையா?

வாவியின் துறையொன்றை இதனோடு ஒப்புநோக்குதல் பொருத்தமானது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே நெடுங்காலம் மக்களை ஏற்றியிறக்கிய ‘பாதை’யும் பிந்துவதுண்டு. எனினும் துறையில் நின்றவனுக்கு அதன் காரணம் கண்ணெதிரே கிடந்தது. பாதை அக்கரையில் நிற்கின்றதா, நடுவாவியில் வருகின்றதா, காற்று மிகுந்துள்ளதா என்பவற்றை அவன் தானே கண்டறிந்தான். நிற்பதா, தேநீர்க் கடைக்குப் போவதா, வீடு திரும்புவதா என்பதையும் தானே தீர்மானித்தான். பிறர் ஒன்றுஞ் சொல்லாவிடினும் அவனுக்குக் குறைவில்லை. புகையிரதப் பிரயாணியின் நிலை இதற்கு மாறானது. வண்டியைத் தடுத்த மரமோ, யானையோ, இயந்திரப் பழுதோ அவன் கண்ணுக்கெட்டாத தொலைவில் உள்ளது. அதனை அவன் அறிவதற்குரிய வழி நிறுவனத்தின் வாய்ச்சொல் ஒன்றே. ஆதலின் அங்கு மௌனம் வெறுஞ் சொல்லின்மையன்று, பார்வையை மறைத்தலுமாகும்.

நிறுவனத்துக்கே தெரியாததை அது எவ்வாறு சொல்லும் எனச் சிலர் வினவலாம். மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரை உள்ளது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரு நிலையத்திலேதான் ஒன்றையொன்று கடக்க இயலும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்தின் இசைவின்றி வண்டி விடப்படலாகாது என்பது விபத்தைத் தவிர்க்கும் அடிப்படை விதி. எனவே வண்டி எந்த இரு நிலையங்களுக்கு இடையில் நிற்கின்றது என்பதை நிலைய அதிபர்கள் அறிந்தேயிருத்தல் வேண்டும். பாதுகாப்பின் பொருட்டு ஏற்பட்ட அறிவு அது. அவ்வறிவு நிலைய அதிபரின் அறையிலிருந்து மேடையில் நிற்பவனை வந்தடையச் சில அடி தூரமே எஞ்சியுள்ளது. அதனைக் கடப்பதற்கு வேண்டியது பெரும் பொறியியலன்று. இவனுக்கும் சொல்லவேண்டும் என்ற எண்ணமே.

உரிய வேளையில் உரியவரைச் சொல் அடையாமையின் விளைவை இந்நாடு மிகக் கொடிய வடிவிற் கண்டுள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, மருதானைக் கட்டுப்பாட்டு அறையினர் கரையோரப் பாதையின் வண்டிகள் பலவற்றை நிறுத்தினர். மாத்தறை நோக்கிச் சென்ற கடுகதி வண்டியை அம்பலாங்கொடையில் மறிக்க முயன்றபோது, ஊழியர் யாவரும் வண்டி அலுவலில் ஈடுபட்டிருந்தமையால் தொலைபேசி எடுக்கப்படவில்லை. எடுக்கப்பட்டபோது வண்டி போய்விட்டது. பெரலியவில் முதல் அலையால் நின்றுவிட்ட அவ்வண்டியே பாதுகாப்பு என நம்பி அயலவரும் அதனை நாடினர். அடுத்து வந்த அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாளாந்தத் தாமதத்தை அப்பேரழிவோடு சமன்செய்தல் தகாது. ஆயினும் ஒன்று அதனாற் புலனாகும். பிரயாணியோடு பேசும் வழக்கம் சாதாரண நாளிற் பயிலப்படாவிடின், ஆபத்து நாளில் அது திடீரெனத் தோன்றிவிடாது.

தாமதம் யாவும் குற்றமன்று. 2025 பெப்ரவரி 20 விடியுமுன், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற வண்டி கல்லோயாப் பகுதியில் யானைக் கூட்டமொன்றில் மோதித் தடம்புரண்டது. ஆறு யானைகள் இறந்தன. இத்தகைய அழிவைத் தவிர்க்கக் காட்டுப் பகுதியில் வண்டி மெல்லச் செல்லுமாயின், அதனால் நேருந் தாமதம் அறத்தின்பாற்பட்டதே. காரணம் அறிந்த பிரயாணி அத்தாமதத்துக்கு உடன்பட்டவனாகின்றான். அறியாதவனோ சாரதியை ஏசுகின்றான். ஒரே அரைமணி நேரம் ஒருவனுக்குத் தான் மனமுவந்து கொடுத்ததாகவும், மற்றவனுக்குத் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் அமைகின்றது. மனிதரை வெறுங் கருவியாக மட்டும் நடத்தாது, அவர்தம்மையே நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்று ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். வண்டியில் ஏற்றப்பட்ட பொதிக்குக் காரணஞ் சொல்லவேண்டியதில்லை. பிரயாணியைப் பொதியினின்று வேறுபடுத்துவது, காரணங்கேட்டு முடிவெடுக்கும் அவனது ஆற்றலே.

காரணம் விளக்கப்படாத காத்திருப்பும், எப்போது முடியும் எனத் தெரியாத காத்திருப்பும் நீண்டனவாகத் தோன்றும் என்பதை டேவிட் மைஸ்ற்றர் 1985இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஆனால் இது உணர்வு பற்றிய சங்கதி மட்டுமன்று. கொழும்பு வைத்தியசாலையொன்றின் கிளினிக்குக்கு இரவு வண்டியிற் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். வண்டி மூன்று மணி நேரம் பிந்தும் என ஏறுமுன் அறிந்தால், அவள் வேறு வழி தேடலாம், அன்றி வேறு நாள் கேட்கலாம். ஊர் திரும்பும் இளைஞனுக்கு வாழைச்சேனையிலேயே நிலைமை சொல்லப்பட்டால், மோட்டார் சைக்கிளுடன் வரும்படி தமையனுக்கு அவன் தொலைபேசியிற் சொல்லலாம். யப்பானில் வண்டி பிந்தினால் பிரயாணிக்குத் தாமதச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் உண்டு. அச்சிறு தாள் இழந்த நேரத்தைத் திருப்பித் தராது. எனினும் பிரயாணி வேலைத்தலத்திற் பொய்யனாக நிற்கும் நிலையை அது நீக்குகின்றது.

இவ்விடத்து எழும் மறுப்பொன்று புறக்கணிக்கத்தக்கதன்று. வண்டி அரைமணி நேரம் பிந்தும் என நிலைய அதிபர் அறிவித்து, அது இரண்டு மணி நேரம் பிந்தினால், மக்கள் அவரையே பொய்யர் என்பர். கோபத்தைத் தாங்குபவரும் அவரே. பழுதுக்குக் காரணமானவர் அல்லர். ஆகவே நிச்சயமற்றதைச் சொல்வதினும் வாளாவிருத்தலே நேர்மையென அவர் கருதக்கூடும். அவரது இடர்ப்பாடு உண்மையானது. ஆனால் பொய்க்கும் மௌனத்துக்கும் இடையே வேறு வழியில்லையெனக் கொள்வதில் இவ்வாதம் பிழைபடுகின்றது. ‘வண்டி புனானையில் நிற்கின்றது, இயந்திரம் பழுதடைந்துள்ளது, எப்போது புறப்படும் எனத் தெரியாது, எட்டு மணிக்கு மீண்டும் அறிவிப்போம்’ என்ற கூற்றில் பொய் ஏதுமில்லை. அறிந்தது, அறியாதது, அடுத்துப் பேசும் வேளை ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன. நேரசூசியும் ஒரு வாக்குறுதியே. ஆனால் அதனைக் காத்தல் சில வேளைகளில் எவர் கையிலும் இல்லை. எட்டு மணிக்குப் பேசுவோம் என்ற வாக்கைக் காத்தலோ எப்போதும் பேசுபவர் கையிலேயே உள்ளது. புதிய செய்தி இல்லாவிடின், இல்லையென்பதையே அவ்வேளையிற் சொல்லலாம். பெரிய வாக்குத் தவறுமிடத்து இச்சிறிய வாக்கே நம்பிக்கையைத் தாங்கி நிற்கும்.

சொல்லப்படுவது விளங்கும் மொழியிற் சொல்லப்படவேண்டும் என்பதும் இக்கடமையுள் அடங்கும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் ஒலிபெருக்கியில் வந்த செய்தி விளங்காது, அருகிலிருப்போர் பையை எடுத்துக்கொண்டு எழுவதைக் கண்டு தானும் எழும் மூதாட்டிக்கு அவ்வறிவிப்பு மௌனமே. மட்டக்களப்பில் தமிழில் மட்டும் அறிவிப்பு விடுக்கப்பட்டால், பொலன்னறுவை செல்லும் சிங்களப் பிரயாணிக்கும் அதே நிலைதான். அறம் இருவர்க்கும் ஒன்றே.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பொது நிறுவனங்களிடம் தகவல் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியுள்ளது. விண்ணப்பம் பற்றித் தீர்மானிக்கப் பதினான்கு வேலை நாட்கள் வரை அவகாசம் உண்டு. மேடையில் நிற்பவனுக்கோ பதினான்கு நிமிடத்திற்குள் விடை வேண்டும். சட்டம் கேட்டவனுக்குக் கொடுக்கின்றது. கேட்கத் துணியாதவனுக்கும், எவரிடம் கேட்பதென அறியாதவனுக்கும் தானாக முன்வந்து சொல்வது அறத்தின் பணி. முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடையும் இதனாற் பெறப்படும். அறிவித்தல் உபசாரமன்று, பிரயாணச் சீட்டை விற்றபோதே ஏற்றுக்கொண்ட கடமையாகும்.

தேற்றா மரத்தின் வித்தை மட்பாண்டத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவித்தல் தமிழரின் பழைய வழக்கு. அம்மரத்தின் பெயரே தேற்றாத்தீவு என்னும் ஊர்ப்பெயரிலும் விளங்குகின்றது. வித்து நீரைப் பெருக்குவதில்லை; கலங்கலை அடியிற் படியச் செய்து, உள்ள நீரைக் குடித்தற்கு உரியதாக்குகின்றது. உண்மையான அறிவிப்பும் வண்டியை ஒரு நிமிடமேனும் முந்தி வரச் செய்வதில்லை. எனினும் எஞ்சிய நேரத்தைத் தன் விருப்பப்படி ஆளக் காத்திருப்பவனுக்கு அது வழிசெய்கின்றது. அவ்வளவையேனும் அவனுக்கு மறுத்தற்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை.